விண்ணப்பத்திலிருந்து பிரகடனத்திற்கு: அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் பாதையில் அரசரின் இடம்

1770ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூயார்க் நகரின் பவுலிங் கிரீன் திடலில் பிரித்தானிய அரசர் மூன்றாம் ஜார்ஜின் சிலை நிறுவப்பெற்றது. குதிரைமீது அமர்ந்த கோலத்தில், ஈயத்தால் வார்க்கப்பெற்றுப் பொன்முலாம் பூசப்பெற்ற அச்சிலையை முத்திரை வரிச் சட்டம் நீக்கப்பெற்றமைக்கு நன்றியாக அக்குடியேற்றத்தின் சட்டமன்றம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1776 ஜூலை 9 அன்று வாஷிங்டனின் படையினர் முன்பு விடுதலைப் பிரகடனம் படிக்கப்பட்டது. அன்று மாலையே படைவீரரும் நகர மக்களும் திரண்டு சென்று கயிறு கட்டி அச்சிலையைச் சாய்த்தனர். அதன் ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டிலுள்ள லிச்ஃபீல்டு ஊருக்கு வண்டிகளில் கொண்டு செல்லப்பட்டு, 42,088 துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது.

நன்றிக்குரியவராக இருந்த அரசர் ஆறே ஆண்டுகளில் கொடுங்கோலராக மாறியது எவ்வாறு என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. குடியேற்றங்களின்மீது வரி விதித்தது நாடாளுமன்றம், அரசர் அல்லர். 1765 முதல் 1774 வரை எழுந்த கிளர்ச்சிகள் யாவும் நாடாளுமன்றச் சட்டங்களுக்கு எதிரானவையே. ஆயினும் 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தில் நாடாளுமன்றம் என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. அதில் அடுக்கப்பெற்றுள்ள 27 குற்றச்சாட்டுகளும் அரசர் ஒருவரையே எழுவாயாகக் கொண்டுள்ளன. வரிக்கொடுமையால் விளைந்த போர் என்று பாடநூல்கள் கூறும் விளக்கம் இம்முரணைத் தொடுவதே இல்லை. குடியேறிகள் எழுதிய விண்ணப்பங்கள், சிறுநூல்கள், தீர்மானங்கள் ஆகியவற்றில் அரசருக்குத் தரப்பட்ட இடம் படிப்படியாக மாறியதை நோக்கினால் இம்முரண் தெளிவுபடும். அம்மாற்றத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரியும் பிரதிநிதித்துவமும்

1763இல் பாரிஸ் உடன்படிக்கையோடு ஏழாண்டுப் போர் முடிவுற்றது. பிரான்சு வட அமெரிக்க நிலப்பரப்பில் தான் கொண்டிருந்த ஆட்சியை இழந்தது. பிரிட்டனோ ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகிய கடனோடு வெற்றியைக் கொண்டாடியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 வீரர்களை நிறுத்துவதற்கான செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகளே ஏற்க வேண்டும் என்று லண்டன் கருதியது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான அரச ஆணை, அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்தது. 1764ஆம் ஆண்டுச் சர்க்கரைச் சட்டம் அயல்நாட்டு வெல்லப்பாகின் மீதான தீர்வையை காலனுக்கு 6 பென்சிலிருந்து 3 பென்சாகக் குறைத்தது. தீர்வை குறைந்ததற்கு எதிர்ப்பு ஏன் எழுந்தது எனில், முன்னது வசூலிக்கப்படாத தீர்வை. பின்னது நடுவர்குழு இல்லாத கடற்படை நீதிமன்றங்களின் துணையோடு வசூலிக்கப்படவிருந்த தீர்வை.

1765 மார்ச்சில் நிறைவேறி நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்த முத்திரை வரிச் சட்டம், வழக்காவணங்கள், செய்தித்தாள்கள், சிறுநூல்கள், பஞ்சாங்கங்கள், சீட்டுக்கட்டுகள் ஆகிய அனைத்தும் முத்திரையிட்ட தாளிலேயே அமைய வேண்டும் என்றது. வழக்கறிஞரையும் அச்சகத்தாரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்ட சட்டம் இது. எழுதவும் அச்சிடவும் வல்லவர்களையே முதலில் சினமூட்டிய அரசு, அதன் விளைவை எழுத்தின் வழியாகவே சந்தித்தது வியப்பன்று. 1750 முதல் 1776 வரை பிரித்தானிய உறவு குறித்து அமெரிக்காவில் வெளிவந்த சிறுநூல்கள் நானூறுக்கும் மேற்பட்டவை எனப் பெர்னார்டு பெய்லின் கணக்கிட்டுள்ளார்.

தம் பிரதிநிதிகளின் இசைவின்றித் தம்மீது வரி விதித்தல் ஆகாது என்பது குடியேறிகளின் வாதம். இது அவர்கள் புதிதாகக் கண்டதன்று; ஆங்கிலேயரின் பழைய உரிமை என்றே அவர்கள் இதனை முன்வைத்தனர். லண்டன் அளித்த மறுமொழி நுட்பமானது. மான்செஸ்டரும் பர்மிங்காமும் தமக்கென உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை; எனினும் நாடாளுமன்றம் அந்நகரங்களுக்கும் பேசுகிறது; அவ்வாறே அமெரிக்காவுக்கும் பேசும் என்பது அம்மறுமொழி. மேரிலாந்தைச் சார்ந்த டேனியல் டியூலனி 1765இலேயே இதனை மறுத்தார். வாக்கற்ற ஆங்கிலேயர்மீது விழும் வரி வாக்களித்தவர்மீதும் அவர்களுடைய உறுப்பினர்மீதும் விழுகிறது. அமெரிக்கர்மீது விழும் வரியோ அவர்களின் சுமையைக் குறைக்கிறது என்பது அவர் காட்டிய வேறுபாடு. வாதத்தின் வன்மை இங்குள்ளது. மான்செஸ்டரின் குறையைச் சுட்டி அமெரிக்காவின் குறையை நியாயப்படுத்துவது இதன்பின் எளிதாக இல்லை.

1765 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் 27 பிரதிநிதிகள் கூடினர். அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்களில் முதலாவது, அரசரிடம் தமக்குள்ள பற்றுறுதியைப் பற்றியது. அரசருக்கும், பிரபுக்கள் அவைக்கும், மக்களவைக்கும் தனித்தனியே முறையீடுகள் அனுப்பப்பட்டன. 1766 மார்ச் 18 அன்று சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில், குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை எப்பொருள் பற்றியும் இயற்ற நாடாளுமன்றத்திற்கு முழு அதிகாரம் உண்டு என்று அறிவிக்கும் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. குடியேறிகள் முன்னதைக் கொண்டாடினர். பின்னதைப் பெரிதாக எண்ணவில்லை. நியூயார்க் சிலை அக்கொண்டாட்டத்தின் விளைவே. தீய ஆலோசகர்களால் மறைக்கப்பட்ட உண்மையை அறிந்ததும் அரசர் தம் மக்களுக்கு நீதி வழங்கிவிட்டார் என்னும் நம்பிக்கை அதில் வடிவம் பெற்றிருந்தது.

உழவராக எழுதிய வழக்கறிஞர்

1767ஆம் ஆண்டின் டவுன்செண்டு சட்டங்கள் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, தாள், தேயிலை ஆகியவற்றின்மீது இறக்குமதித் தீர்வை விதித்தன. இதனை எதிர்த்துப் பென்சில்வேனிய உழவர் ஒருவரின் பெயரால் பன்னிரண்டு கடிதங்கள் பெரும்பாலான குடியேற்றச் செய்தித்தாள்களில் வெளிவந்தன. எழுதியவர் உழவர் அல்லர். லண்டனில் சட்டம் பயின்ற வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் தீர்வையை நாடாளுமன்றம் விதிக்கலாம். வருவாய் திரட்டும் தீர்வையை விதிக்கலாகாது என்று அவர் வரம்பு கட்டினார். அக்கடிதங்களில் கசப்பு உண்டு, பகைமை இல்லை. அன்பில் குறைந்த தாயிடம் முறையிடும் பிள்ளையின் குரலே அவற்றில் ஒலிக்கிறது.

1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் படைவீரர் சுட்டதில் ஐவர் இறந்தனர். தேயிலை நீங்கலான தீர்வைகளைக் கைவிடும் முன்மொழிவை நார்த் பிரபு நாடாளுமன்றத்தில் வைத்ததும் அதே நாளில்தான் என்பது காலத்தின் வேடிக்கை. ஜான் ஆடம்ஸ் அவ்வீரர்களுக்காக வழக்காடி அறுவரை விடுவித்தார்; இருவர் கொலையாகாத மரணம் விளைத்த குற்றத்திற்கு மட்டுமே உள்ளாயினர்.

தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியும்

தமிழ் வரலாற்று நூல்கள் பாஸ்டன் தேநீர் விருந்து என வழங்கும் நிகழ்ச்சி 1773 டிசம்பர் 16 அன்று நடந்தது. விருந்து என்னும் பெயர் அரை நூற்றாண்டிற்குப் பின்னரே வழக்கில் வந்தது. அக்காலத்தவர் அதனைத் தேயிலை அழிப்பு என்றே கூறினர். டார்ட்மவுத், எலினார், பீவர் என்னும் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் உடைத்துக் கொட்டப்பட்டன. அத்தேயிலை சீனத்தில் விளைந்தது. உரிமையாளரோ கிழக்கிந்தியக் கம்பெனியார்.

கம்பெனியின் அன்றைய நெருக்கடிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாயில்வரை வந்து உடன்படிக்கை பெற்றுச் சென்றார். கருநாடகத்தில் அவர் பெற்ற வெற்றிகள் பற்றிய செய்தி லண்டனை எட்டியபோது கம்பெனிப் பங்குகளின் விலை சரிந்தது. அதனை அடுத்து வங்கத்தில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. 1772இல் ஐரோப்பிய வங்கிகளின் கடன் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பவுண்டு எடைத் தேயிலை விலைபோகாமல் கிடங்குகளில் தேங்கியது. நாடாளுமன்றம் கம்பெனிக்கு 14 இலட்சம் பவுண்டு கடன் தந்ததோடு, அமெரிக்காவிற்குத் தேயிலையை நேரடியாக அனுப்பி விற்கும் உரிமையையும் 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் வழியாக வழங்கியது. கம்பெனியை நடுங்கவைத்த ஹைதரின் பெயரைப் பென்சில்வேனியர் மறந்துவிடவில்லை. 1782இல் அவர்களுடைய போர்க்கப்பல் ஒன்று அப்பெயரையே தாங்கிப் பிரித்தானியக் கப்பலொன்றைக் கைப்பற்றியது. பிலிப் ஃப்ரெனோ அதனைப் பாடியுள்ளார்.

சட்டத்தின் விளைவாகத் தேயிலை விலை குறைந்தது. பவுண்டிற்கு 3 பென்சுத் தீர்வை மட்டும் நீடித்தது. விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டியவர்களின் சினத்தை வரியின் அளவைக் கொண்டு விளக்க இயலாது. மலிவு விலையில் தூண்டிலிட்டு, வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொள்ளச் செய்யும் சூழ்ச்சியாகவே அவர்கள் இதனைக் கண்டனர். கள்ளத்தனமாக டச்சுத் தேயிலையை இறக்கிவந்த வணிகர்களின் தன்னலமும் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1773 நவம்பரில் ரஸ்டிகஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்த, டிக்கின்சன் எழுதியதாகக் கருதப்படும் கடிதம் வேறொன்றையும் காட்டுகிறது. ஆசியாவில் போர்களை மூட்டி, தானியத்தைத் தன் கைக்குள் வைத்துப் பெருந்தொகையினரைப் பட்டினியில் மடியவிட்ட கம்பெனி இப்போது அமெரிக்காவை நோக்கி வருகிறது என்று அக்கடிதம் எச்சரித்தது. வங்கத்தின் துயரம் பிலடெல்பியாவில் ஓர் அரசியல் வாதமாகியுள்ளது. பேரரசின் ஒரு மூலையில் நடந்ததை மறு மூலையினர் தமக்கு நேரவிருப்பதாகப் படித்துக்கொண்டமை, இப்போராட்டத்தை ஆராய்வோர் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தியாகும்.

நாடாளுமன்றம் நீங்குதல்

பாஸ்டன் துறைமுகத்தை மூடியும், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சாசனத்தைத் திருத்தியும் நாடாளுமன்றம் 1774இல் தண்டனைச் சட்டங்களை இயற்றியது. செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜார்ஜியா நீங்கலான பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் முதலாம் கண்டப் பேரவையாகக் கூடி, டிசம்பர் 1 முதல் பிரித்தானியப் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை என உறுதிபூண்டனர்.

வாதத்தின் திருப்பம் நிகழ்ந்தது இவ்வாண்டில்தான். நாடாளுமன்றம் எவ்வளவு அதிகாரம் செலுத்தலாம் என்று எல்லை வகுத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குக் குடியேற்றங்களின்மீது அதிகாரமே இல்லை என்று கூறத் தலைப்பட்டனர். ஜேம்ஸ் வில்சனின் சிறுநூலும், தாமஸ் ஜெஃபர்சனின் சிறுநூலும் 1774இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜான் ஆடம்ஸ் நோவாங்லஸ் என்னும் பெயரில் எழுதினார். மூவரும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தனர். குடியேற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரசுகள். அவற்றுக்குத் தத்தம் சட்டமன்றங்களே நாடாளுமன்றம். அவற்றைப் பிரிட்டனோடு பிணைப்பது ஒரே அரசரிடம் கொண்ட பற்றுறுதி மட்டுமே. இதற்கு 1608ஆம் ஆண்டின் கால்வின் வழக்கு துணை நின்றது. ஸ்காட்லாந்தில் பிறந்தவர் இங்கிலாந்தின் குடியாகக் கருதப்படுவாரா என்னும் அவ்வழக்கில், பற்றுறுதி என்பது நாட்டின் சட்டத்திற்கன்று, அரசரின் மேனிக்கே உரியது என்றும், அரசர் தரும் காப்பும் குடிகள் தரும் பற்றுறுதியும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்றும் எட்வர்டு கோக் விளக்கியிருந்தார்.

இக்கோட்பாடு அரசரை உயர்த்துவதுபோல் தோன்றும். உண்மையில் அது அவரைத் தனிமைப்படுத்தியது. நாடாளுமன்றம் விலகிய பின்னர்ப் பழிக்கும் புகழுக்கும் உரியவராக எஞ்சியவர் அவர் ஒருவரே. தீய ஆலோசகர் என்னும் திரையும் அத்துடன் மெலிந்துபோயிற்று. பல இழைகள் பின்னிய கயிற்றை அறுப்பது கடினம். எல்லா இழைகளையும் நீக்கி ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், அந்த ஒன்றை அறுத்தால் போதும். விடுதலையை எண்ணாமலேயே குடியேறிகள் அதற்கான சட்ட வழியை அமைத்துக்கொண்டனர் எனலாம்.

ஏற்கப்படாத விண்ணப்பம்

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் குருதி சிந்தியது. மே 10 அன்று கூடிய இரண்டாம் கண்டப் பேரவை ஜூன் திங்களில் வாஷிங்டனைப் படைத்தலைவராக்கியது. ஆயினும் ஜூலையில் அதே பேரவை அரசருக்கு மற்றுமொரு விண்ணப்பம் அனுப்பியது. ஒலிவக்கிளை விண்ணப்பம் எனப்படும் அதனை வரைந்தவர் டிக்கின்சன். ஒரு கையில் வாளும் மறு கையில் விண்ணப்பமும் ஏந்திய இந்நிலையை இரட்டை வேடம் எனக் கொள்வாரும் உளர். அரசரின் படைகளோடு போரிட்டுக்கொண்டே அரசரிடம் முறையிடுவது முன்கூறிய கோட்பாட்டிற்குள் முரணற்றது. போர் அமைச்சர்களின் படையோடு, முறையீடு அரசரின் மேனியிடம்.

அம்முறையீட்டை ரிச்சர்டு பென்னும் ஆர்தர் லீயும் லண்டனில் டார்ட்மவுத் பிரபுவிடம் சேர்ப்பித்தனர். அதற்குமுன்பே, ஆகஸ்டு 23 அன்று, குடியேற்றங்கள் கலகத்தில் உள்ளன என்னும் அரச அறிக்கை வெளியாகிவிட்டது. அரசர் விண்ணப்பத்தை ஏற்கவில்லை; மறுமொழியும் தரவில்லை. டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று குடியேற்றங்களின் வணிகத்தை முற்றாகத் தடைசெய்து, அவர்தம் கப்பல்களைப் பகைவரின் கப்பல்களைப்போலக் கைப்பற்றலாம் என்றது. காப்பும் பற்றுறுதியும் ஒன்றையொன்று பற்றியவை எனில், காப்பை விலக்கியவர் அரசரே. ஆகவே பற்றுறுதியும் தானே அற்றது. விடுதலையைத் தந்தது நாடாளுமன்றச் சட்டம்தான், அதனை ஏற்கத் தயங்குவது நாமே என்னும் பொருள்பட ஜான் ஆடம்ஸ் 1776 மார்ச்சில் ஒரு கடிதத்தில் எள்ளலாக எழுதினார்.

சட்ட வாதம் படித்தவர்க்கு உரியது. மக்களின் மனத்தில் அரசர் என்னும் உருவத்தையே சிதைத்தது 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'காமன் சென்ஸ்'. அரசர் குடியேற்றங்களைக் கண்டித்து அக்டோபரில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையும் அந்நாள்களில்தான் அந்நகரை எட்டியது. நூலாசிரியர் தாமஸ் பெய்ன் கச்சு தைக்கும் தொழிலாளியின் மகன்; பணியிழந்த சுங்க அலுவலர்; அமெரிக்கா வந்து ஈராண்டுகூட ஆகாதவர். இந்த அரசர் கெட்டவர் என்பதன்று அவர் வாதம். அரசு என்பது பிறப்பால் வருவதே பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பதாகும். இலத்தீன் மேற்கோள்களை விடுத்து, எளிய குடும்பங்களும் அறிந்திருந்த விவிலியத்திலிருந்தே அவர் சான்று காட்டினார். மூன்று திங்களுக்குள் 1,20,000 படிகள் விற்றன எனப் பெய்னே கூறிக்கொண்டார். அன்றைய அச்சகங்களின் ஆற்றலுக்கு அத்தொகை மிகை என்று அண்மைக்கால ஆய்வாளர் ஐயுறுவது பொருத்தமானதே. நூலின் தாக்கத்தை அறிய விற்பனைத் தொகை தேவையில்லை. அதன்பின் விடுதலை என்னும் சொல்லை வெளிப்படையாக உச்சரிக்க எவரும் அஞ்சவில்லை என்பதே போதிய சான்று.

1776 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஊர்களும், மாவட்டங்களும், குடியேற்றச் சட்டமன்றங்களும் நிறைவேற்றிய விடுதலைத் தீர்மானங்களுள் தொண்ணூறு வரை எஞ்சியிருப்பதைப் பாலின் மெயர் தொகுத்துக் காட்டியுள்ளார். தங்கள் முறையீடுகள் மதிக்கப்படாமையே அவற்றில் பலவும் கூறும் காரணம். அறிஞர் சிலரின் கருத்து மக்கள்மீது திணிக்கப்பட்டது என்னும் கூற்றை இத்தீர்மானங்கள் வலுவிழக்கச் செய்கின்றன.

பிரகடனமும் அதில் நீக்கப்பட்டதும்

ஜூன் 7 அன்று வர்ஜீனியாவின் ரிச்சர்டு ஹென்றி லீ விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஜெஃபர்சன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ஷெர்மன், லிவிங்ஸ்டன் ஆகிய ஐவர் குழு பிரகடனம் வரைய அமைந்தது. ஜூலை 2 அன்று பன்னிரண்டு குடியேற்றங்கள் ஆதரவாக வாக்களித்தன, நியூயார்க் வாக்களிக்கவில்லை. விண்ணப்பங்களை வரைந்த டிக்கின்சன் அன்று தம் இருக்கைக்கு வரவில்லை. பிரகடனத்தில் கையொப்பமும் இடவில்லை. எனினும் விரைவில் தம் ஊர்ப்படையோடு போருக்குச் சென்றார். கையொப்பமிட்ட 56 பேரைப் போற்றும் வரலாறு இவரிடம் சற்றுக் கஞ்சத்தனமாகவே நடந்துகொண்டுள்ளது.

பிரகடனத்தின் வடிவம் 1689இல் இரண்டாம் ஜேம்சை நீக்கியதற்கு நியாயம் கூறிய ஆங்கில உரிமை அறிக்கையை அடியொற்றியது. அரசர் இழைத்தவை அடுக்கப்பட்டு, அவர் ஆட்சி முடிந்தது என்று முடிக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தின் செயல்கள்கூட அரசர் பிறரோடு கூடி இசைவளித்தவையாகவே அதில் இடம்பெறுகின்றன. முதலிலிருந்தே அதிகாரமற்றதாகக் கொள்ளப்பட்ட ஓர் அவையிலிருந்து விடுதலை பெற வேண்டியதில்லை அன்றோ? தொடக்கத்தில் எழுப்பப்பெற்ற வினாவுக்கான விடை இதுவே. முன்னைய விண்ணப்பங்களில் ஆங்கிலேயரின் உரிமையாக இருந்தது, இதில் மாந்தர் அனைவரின் இயற்கை உரிமையாக விரிந்தது. ஆங்கிலேயராக இருப்பதைக் கைவிட்டவர் ஆங்கிலேயரின் உரிமையைக் கோர இயலாது என்பதும் அவ்விரிவுக்கு ஒரு காரணம்.

அவ்விரிவு எவரெவரைத் தழுவியது? அன்றைய குடியேற்றங்களின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள். ஜெஃபர்சனும் அடிமைகளை உடைமையாகக் கொண்டவரே. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு, கலகக்காரரின் அடிமைகள் அரசரின் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என்று அறிவித்திருந்தார். ஆக, அரசரின் கொடி ஒருவருக்குக் கொடுங்கோன்மையின் அடையாளமாகவும், அவருடைய வயலில் உழைத்தவருக்கு விடுதலையின் அடையாளமாகவும் ஒரே வேளையில் விளங்கியது. ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தின் பழியை அரசர்மீது சுமத்தும் நீண்ட பகுதி ஒன்று இருந்தது. அடிமைகளை அரசர் கிளர்ந்தெழத் தூண்டுகிறார் என்னும் குறையும் அதன் இறுதியில் இருந்தது. பேரவை வரைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வெட்டியபோது இப்பகுதி முழுதும் நீங்கியது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் அதற்குக் காரணமாக ஜெஃபர்சன் பின்னர்க் கூறினார். அடிமைகளை ஏற்றிவந்த வடபுலத்தாரின் கூச்சத்தையும் சுட்டினார். உள்நாட்டுக் கிளர்ச்சியைத் தூண்டினார் என்னும் குற்றச்சாட்டு மட்டும் தொல்குடியினரைக் கொடியவராகச் சித்திரிக்கும் வரிகளோடு சேர்ந்து இறுதிப் பாடத்தில் நின்றுவிட்டது.

வெள்ளையர் விண்ணப்பத்தைக் கைவிட்டுப் பிரகடனத்திற்கு வந்த காலத்தில், அடிமைகள் விண்ணப்பத்தையே தொடர வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸ் அடிமைகள் 1773 முதல் ஆளுநருக்கும் சட்டமன்றத்திற்கும் முறையிட்டு வந்தனர். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹாலும் வேறு எழுவரும் அச்சட்டமன்றத்திற்கு அளித்த விண்ணப்பம், பிரகடனம் கூறிய இயற்கை உரிமையையே தமக்கும் கேட்டது. பிரிட்டனுடனான பூசலில் அமெரிக்கா எடுத்துரைத்த கொள்கை ஒவ்வொன்றும் தங்கள் சார்பில் ஆயிரம் வாதங்களினும் மிக்க வலிமையோடு பேசுவதை அவை எண்ணாதது வியப்பளிக்கிறது என்னும் கருத்தையும், விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாகத் தாங்கள் பொறுமையோடு அளித்துவந்ததையும் அதில் அவர்கள் பதிவு செய்தனர். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் எதனையும் அச்சட்டமன்றம் இயற்றவில்லை. 1783இல் குவாக் வாக்கர் வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், 1780ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசமைப்பும் அடிமைமுறையும் ஒன்றோடொன்று பொருந்தா என்று நடுவர்குழுவுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில்தான் மூன்றாம் ஜார்ஜின் தூதர் பாரிசில் அமெரிக்காவின் விடுதலையை ஏற்றுக் கையொப்பமிட்டார்.